ஐந்தாவது விரல்

“உங்க வீட்டுக்காரருக்கு இடது கைச் சுண்டுவிரல் எப்பக்கா போச்சு?” என்று அந்தப் பெண் கேட்டதும் நிறைமதிக்குச் சிரிப்புதான் வந்தது.

“யார் சட்டையையோ பாத்துட்டுச் சொல்றீங்க. அவருக்குப் பத்து வெரலும் பத்திரமா இருக்கு.”

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த சர்வீஸ் சென்டர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா திரையை இவள் பக்கம் திருப்பினாள். இரண்டு கைகளின் படம் தெரிந்தது. மேலே இருந்த கைக்கு ஐந்து விரல்கள். கீழே இருந்த கை நான்கோடு நின்றுவிட்டது.

“மேல இருக்கறது சட்டை வாங்குனப்ப பதிஞ்ச கை. கீழ இருக்கறதுதான் இப்ப தெனமும் அங்கேருந்து வர்ற கை. சுண்டுவெரல் உறை காலியாவே கெடக்கு. பக்கத்து வெரல் அசையறத வச்சு அந்த ஒரு வெரல மட்டும் மெஷினே போட்டுக் குடுக்குது. கை எளைச்சாலும் வீங்குனாலும் பதிஞ்ச அளவுக்கே மாத்தியும் குடுத்துரும். அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல.”

“எவ்ளோ நாளா இப்படி?”

“ரெண்டு வருஷம் ஆகப் போகுதுக்கா.” சொல்லி முடித்ததும் ஜெசிந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஏதாவது விபத்தா இருக்கும். நீங்க பயப்படுவீங்கன்னு மறைச்சிருப்பாரு. நான்தான் தெரியாம ஒளறிட்டேன் போல.”

 தோள்பட்டையில் அறுந்த இழைகளை ஜெசிந்தா மாற்றிக் கொடுத்ததும் நிறைமதி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அருகாமை என்பது கம்பெனி வைத்த பெயர். பேராவூரணிப் பக்கம் அதைக் கட்டிச்சட்டை என்றுதான் சொல்வார்கள். எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒன்று வீட்டில் இருப்பவளுக்கு, மற்றது வெளிநாட்டில் இருப்பவனுக்கு. விரல் நுனி வரைக்கும் உறை இருக்கும். துணிக்குள் ஓடும் மெல்லிய இழைகள் இறுகும், தளரும், சூடாகும். அவன் அங்கே ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டால் இவள் முதுகில் அவன் கை விழும். இவள் தடவிக்கொடுத்தால் அவன் தோளில் அது தெரியும். குரல் கிடையாது, முகம் கிடையாது, தொடுகை மட்டும்தான்.

அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஓர் ஆண் வளைகுடாவில் இருந்தான். அங்கே மதிய இடைவேளை விடும்போது இங்கே மணி மூன்று. மூன்று மணிக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். கீரைக்காரி கூட அந்த நேரத்தில் குரல் கொடுக்க மாட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம், “மாப்பிள்ளை சட்டை வாங்கிக் குடுப்பாரா?” என்று கூச்சமில்லாமல் கேட்கும் காலம் வந்திருந்தது. சட்டை வந்த பிறகு விவாகரத்து குறைந்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நிறைமதிக்கு அழுகை வந்தது. அது துக்க அழுகை இல்லை. ஒரு விரலை இழந்துவிட்டு, வலியோடு வலியாக, அன்றைக்கும் மூன்று மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு தன்னை அணைத்திருக்கிறானே என்ற நினைப்பு அவளை உருக்கியது.

ஏனென்றால் கலைவேந்தன் அப்படிப்பட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மாசம் தவறாமல் வீட்டுக்கு எல்லாம் செய்துவிடுவான். ஆனால் கல்யாணமான புதிதிலேயே, வேலை முடிந்ததும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிற ஆள். சமையலறையில் அவள் கண் கலங்கி நின்றால், “இப்ப என்ன கொறை ஒனக்கு?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்பான். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருக்கும். வெட்கத்தை விட்டுக் கேட்டபோதும் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

சட்டை வாங்கிய புதிதிலும் அப்படித்தான். மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். இரண்டு நிமிஷம் அதே இடத்தில் தட்டுவான், பிறகு கை விழுந்துவிடும். பல நாள் சட்டைக்குள்ளேயே அழுதிருக்கிறாள். அப்புறம் திடீரென்று ஒரு நாள் எல்லாம் மாறிப்போனது. அந்தக் கைகள் அவளைத் தேடி வந்தன. தலையை வருடின. முதுகில் எந்த இடம் பாரமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயே நின்றன. அவள் விம்மினால் இறுகின, அவள் அடங்கும்வரை இறுகியே இருந்தன. போனில் மட்டும் அவன் பழைய ஆள்தான். “சாப்ட்டியா, புள்ள படிக்கிறாளா, வச்சிரவா.” சிலருக்கு வாய் வராது, மனசெல்லாம் கையில்தான் இருக்கும் என்று நிறைமதி முடிவுகட்டிக்கொண்டாள். அந்த முடிவின் மேல்தான் இரண்டு வருஷமாக அவள் குடும்பமே நின்றுகொண்டிருந்தது.

அன்று மூன்று மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டதும் இடது கையைத் தேடிப் பிடித்து, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தை நெடுநேரம் நீவிக்கொடுத்தாள். அங்கே அந்தக் கை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவள் கன்னத்தை வருடியது.

சாயங்காலம் மகள் யாழினி டியூஷனுக்குப் போன பிறகு, வீடியோவில் கூப்பிட்டாள்.

“என்னங்க, எடது கைய காட்டுங்க.”

“எதுக்கு?”

“காட்டுங்களேன். எனக்கு எல்லாம் தெரியும். நான் ஒண்ணும் அழ மாட்டேன்.”

கலைவேந்தன் குழப்பத்தோடு கையை எடுத்து கேமராவுக்கு முன்னால் விரித்தான். பெரிய, காய்த்த, சலவைச் சோப்பில் வெளுத்த உள்ளங்கை. ஐந்து விரல்களும் இருந்தன. சுண்டுவிரலில் அவள் கல்யாணத்தில் போட்ட மோதிரம்.

“அந்தக் கையையும்.”

அதிலும் ஐந்து.

  “அப்ப என்னைத் தெனமும் தொடுறது யாரு?” என்று கேட்டாள். தன் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவன் முகம் வெளிறியதை அந்தச் சின்னத் திரையிலும் பார்க்க முடிந்தது.

“மதி... நான் சொல்றத முழுசா கேளு. தப்பா எடுத்துக்காத.”

“யாரு?”

“ரூம்ல கூட இருக்கறவரு. வயசானவரு, கௌரவமான ஆளு. எனக்கு அது வரலன்னு ஒனக்கே தெரியும். நீயும் தெனம் அழுவ. நான் போட்டுக்கிட்டு மரம் மாதிரி நின்னா ஒனக்கு என்ன பிரயோசனம்? அவரு... அவருதான் நான் பாத்துக்கறேன்னாரு. என் கண்ணக் காட்டிச் சட்டைய ஒருதடவ தெறந்து குடுத்துட்டா, நிறுத்துற வரைக்கும் தெறந்தேதான் இருக்கும். நீயும் அதுக்கப்பறம் சந்தோஷமாத்தானே இருந்தே?”

அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். தொட்டியிலிருந்த தண்ணீர் முழுவதையும் மேலே ஊற்றிக்கொண்டாள். சோப்பு போட்டாள், தேய்த்தாள், மறுபடி போட்டாள். முதுகு எட்டவில்லை. எட்டாத முதுகை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவன். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவன். அவன் தோளில் மூக்கை உறிஞ்சியிருக்கிறாள். அவன் மார்பில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

யாரிடம் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் வெட்டரிவாளை எடுப்பான். தெருவில் சொன்னால், எல்லோரும் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆள் உன்னை என்ன செய்தான்? அதற்கு அவளிடம் இருந்த பதிலை யாரிடமும் சொல்ல முடியாது. தட்டிக்கொடுத்தான். தலையைத் தடவினான். நான் அழுதபோது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். வேறெதையும் கேட்கவே இல்லை. என் புருஷன் செய்யாததை எல்லாம் செய்தான்.

அம்மா இறந்த நாள் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன ஆவணி அது. கலைவேந்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில், “சரி, ஆக வேண்டியதப் பாரு, ஒடம்பப் பாத்துக்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். விடிகாலையில் இறந்தவளை மதியத்துக்குள் எடுத்து முடித்து, எல்லோரும் போன பிறகு, உள்ளறையில் சட்டையைப் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தாள். அன்றைக்கு அந்தக் கைகள் மதியம் பிடித்தவை பொழுது சாயும்வரை விடவில்லை. அந்த மார்பும் குலுங்கியது, அவளோடு சேர்ந்து அழுதது. நான் அனாதையாகிவிடவில்லை என்று அந்த ஒரு நாளில்தான் அவள் நம்பினாள். அதுவும் எவனோ ஒருவனுடையதா?

மறுநாள் பூராவும் அவள் சட்டையைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் மூன்று மணிக்குத் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று வெறிகொண்டது. பீரோவைத் திறந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்வதற்காக இல்லை, கேட்பதற்காக.

அந்தப் பக்கம் ஆள் இருந்தது. கைகள் வந்து தொடாமல் தயங்கி நின்றன. நிறைமதி தன் கையை நீட்டி, எதிரே இருந்த அந்த முதுகில் ஆள்காட்டி விரலால் அழுத்தி எழுதினாள். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுக்காரியின் முதுகில் எழுதி விளையாடுவது போல, ஒவ்வோர் எழுத்தாக.

யார் நீ

 பிறகு அவள் முதுகில், தோள்களுக்கு நடுவே, ஒரு விரல் மெதுவாக ஊர்ந்தது. ம. நின்றது. ல. மறுபடி நின்றது. பிறகு ர. அதன் தலைமேல் புள்ளி வைத்த விரல், வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மலர்.

நிறைமதி சட்டையைக் கழற்றி எறிந்தாள். எறிந்துவிட்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண். ஒரு பெண்ணின் கை.

பிறகு அதை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ‘நம்பர்’ என்று எழுதினாள். எண்கள் ஒவ்வொன்றாக அவள் முதுகில் விழுந்தன.

போனை எடுத்த குரல் சின்னதாக, அடைத்துப்போய் இருந்தது. “அக்கா...”

“அக்கான்னு சொல்லாத. நீ யாரு? அவருக்கு என்ன வேணும்?”

“செல்வமலர். ஊர் இலங்கையில அட்டன் பக்கம், தேயிலை எஸ்டேட். இங்க ஓட்டல்ல ரூம் கிளீனிங். அவரு இங்கயே லாண்டரி சூப்பர்வைசர்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “மூணு வருசமா ஒரே ரூம்ல இருக்கோம்.”

அந்த ஒரே ரூம் என்பதற்கு என்ன பொருள் என்று நிறைமதி கேட்கவில்லை. 

“வயசானவருன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்னாரு. இனிமே சட்டையத் தொடாதன்னு என்கிட்டயும் சொன்னாரு. இன்னைக்கு மட்டும் மன்னிப்பு கேக்கலாம்னு போட்டேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் நின்னேன்.”

“எதுக்குடி செஞ்சே? என் புருஷன எடுத்துக்கிட்டது பத்தாதா? என்னையும் எதுக்குத் தொட்டே?”

 செல்வமலர் மெல்லச் சொன்னாள். “மொதல்ல எல்லாம் அவரேதான் போடுவாரு. போட்டுக்கிட்டு ஒரு கையில போன்ல கிரிக்கெட் பாப்பாரு. நான் பின்னால கட்டில்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அவரு முதுகுல சட்டைத் துணி மேலயும் கீழயும் அசையும். நீங்க தடவுறீங்க. அவரு கண்ணு போன்ல இருக்கும். ஒருநா கழட்டி கட்டில்ல போட்டுட்டுக் குளிக்கப் போயிட்டாரு, நிறுத்த மறந்துட்டாரு. அந்த வெறுஞ்சட்டை கட்டில்ல கெடந்து தேடுச்சுக்கா. அங்க கை வைக்குது, இங்க கை வைக்குது, ஆளக் காணோம்னு தேடுது. என்னால பாக்க முடியல. எடுத்து மாட்டிக்கிட்டேன்.”

“எம்மேல பரிதாபமா?”

“இல்ல. மாட்டிக்கிட்ட ஒடனே நீங்க என்னக் கட்டிப்பிடிச்சீங்க. என்ன அப்படி யாரும் புடிச்சதில்ல. அவரும்தான். நான் ஒங்களுக்காகச் செஞ்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது வேணும்னுதான் மறுநாளும் போட்டேன்.”

நிறைமதி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். கலைவேந்தன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டான், அழுதான், யாழினி மேல் சத்தியம் செய்தான். செல்வமலர் அவன் ரூமை விட்டு வெளியேறிவிட்டதாகவும், வேலையையும் விட்டுவிட்டதாகவும் தகவல் வந்தது. மாமியார் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“ஆம்பள, அத்தனை தூரத்துல தனியா கெடக்கான், சறுக்கிட்டான். அதுக்காக குடும்பத்த விட்டுட்டானா? செய்ய வேண்டியத செஞ்சுக்கிட்டுத்தானே இருக்கான்?”

“அவரு அவகூட இருந்தது கூட எனக்கு அப்பறந்தான் அத்தை. என்னைத் தூக்கி இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டாரே.”

“குடுத்துட்டாருன்னா? இது என்ன பேச்சு? அவன் சின்னப்புள்ளையிலேருந்தே அப்படித்தான். அவங்கப்பா அவனை மடியில வச்சதே கெடையாது. ஒட்டிக்கத் தெரியாது அவனுக்கு. காது கேக்காதவன்கிட்ட போயி ஏன் திரும்பலன்னு கோவிப்பியா?”

மாமியார் எதையோ சமாளிக்கச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு நிறைமதிக்குள் போய்த் தங்கிவிட்டது. வாரக்கணக்கில் யோசித்தாள். அவனால் முடியாது. பிறவியிலேயே இல்லாத ஒன்றை அவனிடம் கேட்டுக் கேட்டு ஏமாந்தது என் குற்றம். அவன் செய்தது அசிங்கம்தான், ஆனால் தன்னிடம் இல்லாததை எங்கிருந்தோ வாங்கிக் கொடுக்கிற மாதிரி ஒரு முட்டாள்தனம் அதில் இருந்தது. இப்படி நினைக்க ஆரம்பித்த பிறகு அவளுக்குத் தூக்கம் வந்தது. தை மாதம் வந்து சேருங்கள், யாழினிக்காக இருப்போம், என்னிடம் வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் விக்கி விக்கி அழுதான்.

அந்தச் சமயத்தில்தான் செல்வமலரிடமிருந்து செய்தி வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் திருச்சியில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்குகிறாள். பார்க்க விருப்பமில்லையென்றால் பரவாயில்லை. நிறைமதி ஒரு முழு நாள் பதில் போடவில்லை. பிறகு, மத்திய பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சைவ ஓட்டலுக்கு வரச்சொன்னாள்.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவள் இவளைப் பார்த்ததும் எழுந்தாள். நிறைமதி திடுக்கிட்டு நின்றாள். இவ்வளவு சின்னவளா? தோளுக்குக் கூட எட்டாத உயரம், ஒட்டிய கன்னம், நெற்றி ஓரத்தில் நரை. இந்தக் குச்சிக் கைகளா இரண்டு வருஷமாகத் தன்னைத் தாங்கின? மெஷின் அவற்றைக் கலைவேந்தனின் கைகளாகப் பெருக்கிக் காட்டியிருக்கிறது.

இருவருமே தொட்டுக்கொள்ளவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நிறைமதியின் பார்வை எங்கே போகிறது என்று தெரிந்து, செல்வமலர் இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

“கொழுந்து அரைக்கிற மெசின்ல போனது. பதினெட்டு வயசுல. அதுக்கப்பறம் பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் மொதல்ல இதத்தான் பாத்தாங்க.”

சர்வர் வந்து நின்றார். இரண்டு காபி சொன்னார்கள். காபி வந்து ஆறியது.

“ஒம்மேல கோவம் இல்லன்னு சொல்ல வரல,” என்றாள் நிறைமதி. “இருக்கு. சாகற வரைக்கும் இருக்கும்னு நெனைக்கிறேன்.”

“இருக்கட்டும்.”

“ஆனா ஒரே ஒரு விசயத்துக்கு ஒன்ன நேர்ல பாத்துச் சொல்லணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் வந்தேன்.”  “எங்கம்மா செத்த அன்னைக்கு, மத்தியானத்துலேருந்து பொழுது போற வரைக்கும் என்ன விடாம புடிச்சிக்கிட்டிருந்தியே. நீ இல்லன்னா அன்னைக்கு நான் கெணத்துல விழுந்திருப்பேன். அது ஒரு உசுர்க் கடன். நீ செஞ்ச மத்தது எப்படிப் போனாலும், அதுக்கு ஒனக்குக் கையெடுத்துக் கும்புடணும்னு...”

செல்வமலர் முகத்தைச் சுளித்து யோசித்தாள். “எந்த நாளுக்கா?”

“போன ஆவணி. கடைசி வியாழக்கெழமை.”

“ஓட்டல்ல ஒரு பெரிய கல்யாணம் நடந்த நாளு.” அவள் குரல் தாழ்ந்தது. “அன்னைக்கு ஒரு நாள் எனக்கு டபுள் டூட்டி. ராத்திரிதான் ரூமுக்கே வந்தேன். அன்னைக்கு நான் சட்டையத் தொடவே இல்லக்கா.”

“இல்ல, நல்லா யோசிச்சுப் பாரு. ஒன்னோட நெஞ்சு குலுங்குச்சு. நீயும் அழுதே.”

“நான் இல்ல.” செல்வமலர் தலையை ஆட்டினாள். “அன்னைக்கு நான் ரூமுக்குத் திரும்பினப்ப அவரு இருட்டுல சட்டையோட தரையில ஒக்காந்திருந்தாரு. லைட்டப் போடாதன்னாரு. மூஞ்சியெல்லாம் வீங்கியிருந்துச்சு. டூட்டிக்கே போகலயாம். நான் என்னன்னு கேட்டதுக்கு, வாயத் தொறக்காம எந்திரிச்சு மொகம் கழுவப் போயிட்டாரு. மறுநா காலையில சட்டைய எங்கிட்ட குடுத்து, வழக்கம்போல நீயே பாத்துக்கன்னுட்டாரு. அது ஒங்கம்மா செத்த நாளுன்னு எனக்கு இப்பதான் தெரியும்.”

ஓட்டலில் எங்கோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. நிறைமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முடியாதவன் என்றுதானே அவனை மன்னித்தாள். இல்லாததைக் கேட்டோம் என்றுதானே தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். அவனிடம் அது இருந்திருக்கிறது. குறைவில்லாமல், அவள் வாழ்நாளில் பெற்றதிலேயே பெரியதாக, அவன் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கத்துத் தலையணையில் அதை வைத்துக்கொண்டுதான் அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான்.

அவள் எழுந்து ஓட்டல் வாசலுக்குப் போனாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பின. இரண்டாவது மணியிலேயே கலைவேந்தன் போனை எடுத்துவிட்டான். பின்னால் சலவை மெஷின்களின் இரைச்சல்.

“மதி! நீயா கூப்புடுறே? ஊர்ல ஏதாச்சும்...”

“எங்கம்மா செத்த அன்னைக்குச் சட்டைய யாரு போட்டிருந்தது?”

இரைச்சல் மெல்ல மெல்லத் தூரமாகிப் போய் நின்றது. அவன் வெளியே வந்துவிட்டான் போல.

“அவளப் பாத்தியா?”

“நீங்க சொல்லுங்க.”

“நான்தான்.”

“ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது மதி. நீ அழுதது அப்படியே என் நெஞ்சுல வந்து இடிச்சுச்சு. சும்மா ரெண்டு நிமிசம்னுதான் போட்டேன். விட முடியல. எனக்கும் அழுக வந்துருச்சு. எங்கப்பா செத்ததுக்குக் கூட நான் அழுதவன் இல்ல.”

“மறுநாளு?”

“மறுநாளா...”

“மறுநாளு ஏன் அவகிட்ட குடுத்தீங்க? நான் மறுநாளும் அங்கதானே இருந்தேன்.”

“பயமா இருந்துச்சு.” சின்னப் பையன் மாதிரி சொன்னான். “அன்னைக்கு ஒரு நாளுக்கே என்னால எந்திரிக்க முடியல. ஒருதடவ குடுத்துட்டா, இதே மாதிரி தெனமும் கேப்பியேன்னு இருந்துச்சு. அவ்ளோத்துக்கு நான் எங்க போவேன்னு...”

“கேட்டிருப்பேன்.”

“மதி...”

“தெனமும் கேட்டிருப்பேன். பதினோரு வருசமா அதத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்.” அவள் அழவில்லை.  “இனிமே கேக்க மாட்டேன். நீங்க தை மாசம் வாங்க, வராம போங்க. இனிமே ஒங்ககிட்ட எதையும் கேக்க மாட்டேன்.”

“அப்படின்னா?” அவன் குரல் உயர்ந்தது. “மதி, அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? மதி, வச்சிராத. நீ என்ன நெனச்சுச் சொல்றேன்னு எனக்குச் சொல்லு.”

அவள் என்ன நினைக்கிறாள் என்று அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. நிறைமதி போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அது அவளைத் திடுக்கிட வைத்தது. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.